தாய் பிறந்த ஊர்

லூதியானா,
12 அக்டோபர் 1973

அன்புள்ள பச்சிந்த் அக்காவுக்கு,

நாஹர் சிங்கின் சத் ஸ்ரீ அகால். குருவின் கருணையில் நான் சுகம். நீ, அத்தான், குட்டி மிந்தோ எல்லோரும் சுகமா? உன் மாமியார் பேஜீயின் முழங்கால் வலி தேவலையா? நம் அப்பா பாபூவின் இருமல் குறைந்துவிட்டதாக ஊரிலிருந்து தகவல்.

வேலை கிடைத்துவிட்டது. இங்கே வட்டாரப் பேச்சு ஆய்வுக் கழகம் என்று ஒன்று. பஞ்சாபி எந்த ஊரில் எப்படிப் பேசப்படுகிறது என்று வரைபடம் போடுகிறார்கள். மாஜாவுக்குச் சிவப்பு, மால்வாவுக்கு மஞ்சள், உங்கள் தோவாபாவுக்கு நீலம். சத்லஜ் ஆற்றுக்கும் கக்கர் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற நம் புவாத் வட்டாரத்துக்கு மட்டும் நிறமே இல்லை. "அது தனிப் பேச்சே கிடையாதுப்பா. பாதி மால்வா, பாதி ஹரியானா. மஞ்சளையே இழுத்து விட்டுடலாம்" என்கிறார் எங்கள் தலைவர் டாக்டர் உப்பல். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். சண்டை போட்டு மார்ச் மாதம் வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் நம் பக்கத்துப் பெரியவர்கள் மூன்று பேருடைய பேச்சைப் பதிவு செய்து தர வேண்டும்.

டாக்டர் லண்டனிலிருந்து கொண்டுவந்த படிவத்தில் விதிகள் ஏராளம். ஆளுக்கு அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், ஆனால் பல் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியக் கூடாது. ஊரை விட்டு ஒரு மாதம்கூட வெளியே இருந்திருக்கக் கூடாது. பட்டாளத்தில் பர்மா வரை போய் வந்ததால் பாபூ ஆகமாட்டார். பெண்கள் அறவே கூடாது. நீங்கள்தான் கல்யாணமாகிப் போன இடத்துப் பேச்சைக் கிளி மாதிரி பிடித்துக்கொள்கிறீர்களே! உன்னையே எடுத்துக்கொள். போன வைசாகிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது பாதி தோவாபாக்காரியாகத்தான் பேசினாய். உன் பேச்சு கெட்டுப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

நம் ஊர் கரோலி கலானில் பல் உள்ள கிழவர்கள் யார் யார் என்று எழுது. நான் கல்லூரி கல்லூரி என்று அலைந்தவன், உனக்குத்தான் எல்லோரையும் தெரியும்.

உன் தம்பி,
நாஹர் சிங்


ராயேவால்,
29 அக்டோபர் 1973

என் வீரா, என் தம்பி நாஹருக்கு,

பச்சிந்த் கௌரின் ஆசிகள். இங்கே சுகம். பேஜீயின் முழங்கால் மழை நின்றதும் சரியாகிவிட்டது, இப்போது வாய்தான் முழு வேகத்தில் இருக்கிறது. எருமை கன்று போட்டிருக்கிறது. கிடாரி.

நமக்குப் பெரியப்பா முறையான கேஹர் சிங் தாயா இன்னும் கரும்பைக் கடித்துத் துப்புகிறார். குருத்வாராவுக்குப் பின்னால் இருக்கும் ஜ்வாலா சிங்குக்கு முன் பல் ஒன்றுதான் இல்லை, அதுவும் மாடு உதைத்தது. அதை விதி மன்னிக்குமா என்று உன் டாக்டரிடம் கேட்டுக்கொள். மூன்றாவது ஆள் எண்ணெய் ஆட்டும் ரஹ்மத் பாபா.

கிழவர்களிடம் நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் கேள்வி கேட்காதே, கோபம் வரும். வேளைக்குச் சாப்பிடு. என் பேச்சு கெட்டதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அக்கா


லூதியானா,
24 நவம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

சத் ஸ்ரீ அகால். நான் உயிரோடு இருக்கிறேன். இந்த முறை இது வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதியது இல்லை, மேலே படி.

நீ சொன்ன மூன்று பேரையும் பதிவு செய்தேன். எல்லா வட்டாரத்திலும் ஒரே கதையைத்தான் சொல்லச் சொல்கிறோம், அப்போதுதான் ஒப்பிட முடியும். மல்லா என்பவனின் எருமை தொலைந்துபோகிறது. ஊர் ஊராகப் போய்க் கேட்கிறான். கடைசியில் எங்கோ ஒரு கிணற்றடியில் கண்டுபிடித்து வீட்டுக்கு ஓட்டிவருகிறான். அவ்வளவுதான் கதை. கேஹர் தாயா அதை அரை மணி நேரம் சொன்னார், மல்லாவை நடுவழியில் இரண்டு கல்யாணத்துக்கு வேறு அனுப்பினார். நம் பேச்சை ஒலிப்பதிவு மெஷின் திருப்பிச் சொன்னபோது நானும் கூடவே வாயசைத்தேன்.

ஆனால் டாக்டர் மூன்று படிவத்தையும் திருப்பிவிட்டார். பதினோராவது கட்டம்: தாய் பிறந்த ஊர். அதே ஊராக இருந்தால்தான் பேச்சு சுத்தமாம். கேஹர் தாயாவின் தாய் மால்வா, ஜ்வாலா சிங்கின் தாய் கக்கருக்கு அந்தப் பக்கம், ரஹ்மத் பாபாவின் தாய் தோவாபா. "கலப்பு" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்.

சரி, தாயும் உள்ளூரிலேயே பிறந்த ஒரு கிழவரைத் தேடுவோம் என்று பக்கத்து ஊருக்குப் போனேன். பக்தாவர் சிங் என்று ஒருவர், வயது எழுபது, பல் அத்தனையும் முத்து. கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டுக் கேட்டேன்.

"பாபா, உங்க அம்மா பொறந்ததும் இதே ஊர்தானே?"

கயிறு நின்றது. "என்னடா சொன்னே?"

"இல்ல பாபா, அப்பா ஊரும் அம்மா ஊரும் ஒண்ணா இருந்தா நல்லதுன்னு..."

"எங்கப்பன் கூடப்பொறந்தவளையா கட்டினான்? மோரைக் குடிச்சுட்டு என் ஆத்தாளைப் பத்திப் பேசறான் பாரு! எவன் பெத்த புள்ளடா நீ? அந்தக் கோலை எடுங்கடா!"

அக்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளூர்ப் பெண் எல்லாம் தங்கை முறை. உள்ளூரில் பெண் எடுத்தவன் நம் பஞ்சாபில் எங்கே இருக்கிறான்? இது தெரியாமல் வளர்ந்தவனா நான்? படிவத்தில் அச்சாக வாசித்தபோது மிகச் சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிந்தது. பதினோரு கிலோ மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடினேன். என் தலைப்பாகை இன்னும் அந்த ஊர்க் கருவேல மரத்தில்தான் இருக்கிறது.

இப்போது நான் என்ன செய்வது? நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். உடனே எழுது.

நாஹர்


லூதியானா,
20 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

சத் ஸ்ரீ அகால். ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? மிந்தோ நன்றாக இருக்கிறாளா? ஒரு வரி போதும், எழுது.

மற்ற வட்டாரங்கள் எப்படித் தேறின என்று கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு படிவங்கள். நாற்பத்தாறு கிழவர்களின் தாய்மாரும் அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களாம்! என் பக்கத்து மேஜை சோமநாத் சிரித்தான். "இதுக்கா ஒரு மாசமா முழிக்கிறே? அந்தந்த ஊர் பேரையே எழுதிடு. நாங்க எல்லாரும் அதத்தான் பண்ணினோம். கெழவனா வந்து படிக்கப் போறான்?"

படிவம் என் முன்னால் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மூன்று இடத்தில் கரோலி கலான் என்று எழுதிவிட்டால் வரைபடத்தில் நமக்கு ஒரு நிறம் கிடைத்துவிடும். உன்னிடம் மறைக்க மாட்டேன், கை போகிறது.

நாஹர்


ராயேவால்,
3 ஜனவரி 1974

நாஹருக்கு,

ஆசிகள். எல்லோரும் சுகம். குளிர் அதிகம், கம்பளி போட்டுக்கொள்.

நீ கேட்டிருப்பதற்கு என்ன சொல்வது? பேச்சு கெட்டுப்போனவளிடம் பேச்சைப் பற்றி யோசனை கேட்கலாமா? உன் விதியில் அதற்கு இடமுண்டா?

பச்சிந்த் கௌர்


லூதியானா,
8 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சத் ஸ்ரீ அகால். உன் கடிதம் வந்த அன்றே இதை எழுதுகிறேன். அக்டோபரில் நான் எழுதியது எனக்கு நினைவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். விளையாட்டாக எழுதிவிட்டேன். நீ மூன்று மாதமாக அதைச் சுமந்திருக்கிறாய்.

நீ "அக்கா" என்று எழுதாமல் முழுப் பேரை எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டு. ஆனால் எழுது.

பேனாவை மூடி வைத்திருக்கிறேன். நீ சொல்லும் வரை அந்தப் படிவத்தைத் தொடமாட்டேன்.

உன் தம்பி


ராயேவால்,
26 ஜனவரி 1974

என் வீரா,

ஆசிகள். எல்லோரும் சுகம், லோஹ்ரிப் பண்டிகை நன்றாக நடந்தது. எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறேன், சோமநாத்துக்குக் கொடுக்காதே.

பக்கம் பக்கமாகத் திட்டச் சொன்னாய். கேள்.

கல்யாணமாகி இங்கே வந்த மூன்றாம் நாள், கூடம் நிறைய விருந்தாளிகள். எனக்குத் தாகம். நம் வீட்டில் கேட்பது போலவே தண்ணீர் கேட்டேன். மொத்தக் கூடமும் சிரித்தது. பேஜீ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லு புள்ள, பக்கத்து வீட்டுக்காரிகளும் கேக்கட்டும்" என்றார். நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் தண்ணீரே குடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் தலையை ஆட்டியே காலம் தள்ளினேன். "ஊமையைக் கட்டிக்கிட்டு வந்துட்டோம்" என்று பேஜீ தெருவெல்லாம் சொன்னார். உன் அத்தான் ஒருநாள், "என்கிட்டயாவது பேசேன், நான் சிரிக்க மாட்டேன்" என்றார். அவரிடம் மட்டும் மெதுவாகப் பேசினேன். மற்றவர்களிடம் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு பேசினேன். பசிக்குமே, வேறு என்ன செய்வது?

பிறகு நம் ஊருக்கு வந்தால் நம் பெண்கள் சிரிக்கிறார்கள், தோவாபாக்காரி வந்துவிட்டாள் என்று. இரண்டு பக்கமும் சிரிப்பு. என் தம்பி படித்தவன், அவனாவது சிரிக்க மாட்டான் என்று நினைத்திருந்தேன். நீ அதையே காகிதத்தில் எழுதி அஞ்சலில் அனுப்பினாய்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் அம்மா பேபே இருந்திருந்தால் சொல்லவே தேவையிருந்திருக்காது. மால்வாவிலிருந்து நம் ஊருக்கு வந்தபோது அவளைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்களாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் தலையைப் பின்னிக்கொண்டே, "கொஞ்ச நாள் சிரிப்பாங்க. அப்புறம் அவங்க புள்ளைங்க உன்னை மாதிரியே பேசும்" என்றாள். நீ எருமையைக் கூப்பிடும் குரல் யாருடையது? பாபூவுடையதா? நன்றாக யோசித்துப் பார்.

என் வீட்டு அடுப்பங்கரைக்கு வா. பேஜீ தரன் தாரன் பக்கத்து மாஜாக்காரி. ஓரகத்தி சிந்தர் மோகா பக்கத்து மால்வாக்காரி. நான் புவாத். ரொட்டி சுடும் நேரத்தில் மூன்று பேரும் கத்துகிற கத்தலில்தான் இந்த வீட்டுக் குழந்தைகள் பேசக் கற்றன. தோவாபாப் பேச்சு என்று நீங்கள் நீலம் அடித்திருக்கிறீர்களே, அது இப்படி வந்ததுதான். இதைக் கலப்பு என்கிறார் உன் டாக்டர். கலப்பில்லாத ஒரே ஒரு வீட்டை அவர் பஞ்சாபில் காட்டட்டும். இந்தப் பேச்சுகளெல்லாம் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை செலவு? சம்பந்தி உறவு. வீட்டுக்கு வீடு பல்லக்கில் பெண் போன உறவு. அந்தப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே கிழவன் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

பொய் எழுதாதே. கேஹர் தாயாவின் தாய் மால்வாவிலிருந்து பல்லக்கில் வந்தவள். அவளை அவள் புருஷனுக்குத் தங்கையாக்கிவிட்டு நமக்கு ஒரு நிறம் வேண்டாம். உள்ளதை எழுது. அதற்காகச் சண்டை போடு. நிறமில்லாமல் போனால் போகட்டும், சண்டை போடாமல் போகக் கூடாது.

அக்கா


லூதியானா,
11 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சத் ஸ்ரீ அகால். நான் சுகம். எள்ளுருண்டையை நான் ஒருவனே தின்றேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்தக் கூடத்தில் யார் யார் சிரித்தார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடு என்று கேட்கத் தோன்றியது. அப்புறம் பட்டியலில் என் பேரும் வரும் என்பது நினைவுக்கு வந்தது. என்னை மன்னித்துவிடு.

மறுநாள் டாக்டர் அறைக்குப் போனேன். மூன்று படிவத்திலும் உண்மையான ஊர்ப் பேர்களை எழுதி மேஜையில் வைத்தேன். "இத ஏற்கெனவே திருப்பிட்டேனே" என்றார்.

"திருப்பித் திருப்பிக் கொண்டுவருவேன் சார். மத்த நாப்பத்தாறும் பொய். எங்க ஊர்ல எவன் சார் உள்ளூர்ல பொண்ணு எடுத்தான்? உங்க அம்மா எந்த ஊர்?"

கேட்ட பிறகு பயந்துவிட்டேன். ஏற்கெனவே இந்தக் கேள்விக்குத் தலைப்பாகை இழந்தவன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லாயல்பூரில் பிறந்தவராம். தாய் ராவல்பிண்டிக்கு மேலே, போட்டோஹார் மலைப்பக்கம். மூன்று படிவத்தையும் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

"விதியை மாத்த நான் மட்டும் போதாது. மார்ச் இருபத்தொன்பதாம் தேதி குழு கூடுது, ஏழு பேர். நீ வந்து பேசு. நான் உன்னை எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

எனக்கு அது போதும். அக்கா, வெறும் காகிதத்தைக் காட்டினால் அந்த ஏழு பேர் காதில் ஏறாது. உன் குரலில் அந்த எருமைக் கதை வேண்டும். சொல்வாயா? மாட்டேன் என்றால் வற்புறுத்த மாட்டேன்.

நாஹர்


ராயேவால்,
23 பிப்ரவரி 1974

என் வீராவுக்கு,

ஆசிகள். இங்கே சுகம். கடுகு பூத்து வயல் முழுக்க மஞ்சள். மால்வா நிறம் என்று சிந்தர் பீற்றிக்கொள்கிறாள்.

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் உரக்கப் படித்தேன். கூடத்துச் சிரிப்பைப் பற்றிய வரியைக்கூட விடவில்லை. பேஜீ, "இவ பேச்சைக் கேக்க மெஷினா? நாங்க பதினோரு வருஷமா சும்மாவே கேக்கறோமே!" என்றார். நான், "முதல் நாலு மாசம் கேக்கலியே பேஜீ" என்றேன். வாயிலிருந்து வந்தேவிட்டது. சிந்தர் கையிலிருந்த மாவு உருண்டை கீழே விழுந்தது.

பேஜீ பால் காய்ச்சப் போய்விட்டார். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே, "உன் தம்பிக்கு எழுது. மாஜாப் பேச்சுன்னா என்னன்னு அவனுக்குக் காட்டறேன். பல்லு எண்ண வந்தான்னா மட்டும் கடிச்சுடுவேன்" என்றார்.

ஆக, மூன்று பேரும் சொல்கிறோம். மார்ச் பத்தாம் தேதி வா. தலைப்பாகை இல்லாமல் வராதே.

அக்கா


லூதியானா,
30 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

சத் ஸ்ரீ அகால். நான் சுகம், குரல் மட்டும் போய்விட்டது. நேற்று மூன்று மணி நேரம் கத்தினேன்.

முதலில் நாற்பத்தாறு பொய்யையும் சொன்னேன். சோமநாத் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இனி அங்கே என்னோடு தேநீர் குடிக்க ஆளில்லை. பிறகு உங்கள் மூவரையும் ஓடவிட்டேன். பேஜீயின் மல்லா போகிற ஊரிலெல்லாம் எல்லோரையும் வைதான், குழு சிரித்தது. சிந்தரின் மல்லா போகிற வழியில் வெல்லம் தின்றான். கடைசியில் நீ. பாதி வரை எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அப்புறம் நீ சொன்னாயே, "மல்லா ஏழு ஊருல எருமையைப் பத்தி எல்லாரையும் கேட்டான். எருமையை மட்டும் ஒருத்தரும் கேக்கலை. அதுக்கு அந்தக் கிணத்தடியும் பழகிப்போச்சு, பழைய கொட்டிலும் மறக்கலை. கூப்பிட்டா ரெண்டு பக்கமும் திரும்பும்" என்று. பேனாக்கள் நின்றுவிட்டன. டாக்டர் அந்த இடத்தை இரண்டாம் முறை ஓடவிடச் சொன்னார்.

நாலுக்கு மூன்று. ஜெயித்துவிட்டோம் அக்கா! டாக்டர் சொன்னபடியே எதிர்த்துத்தான் கை தூக்கினார். நம் புவாதுக்கு இளம்பச்சை. கேஹர் தாயா, ஜ்வாலா சிங், ரஹ்மத் பாபா மூவரும் தங்கள் தாய்மாரின் நிஜ ஊரோடு ஏறுகிறார்கள். நாலாவது பேர் பச்சிந்த் கௌர், கரோலி கலானிலிருந்து ராயேவாலுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று. நானே தட்டச்சு செய்தேன்.

இன்று காலை டாக்டர் கூப்பிட்டார். புதுப் படிவத்தில் பதினோராவது கட்டம் பாதிப் பக்கத்துக்குப் பெரிதாகியிருந்தது. தாய், பாட்டி, மனைவி, மருமகள் எல்லோரும் பிறந்த ஊர். நாற்பத்தாறு கிராமத்துக்கும் திரும்பப் போக வேண்டும். நானே போகிறேன் என்றேன். முதல் படிவத்தை அவரே தன் பேருக்குத் தன் கையால் நிரப்பி, தாய் ஊர் போட்டோஹார் பக்கம் என்று எழுதி, என்னிடம் நீட்டினார். "என் ஒலிப்பதிவு நாளைக்கு. கதவைச் சாத்திட்டு" என்றார்.

நாஹர்


ராயேவால்,
16 ஏப்ரல் 1974

என் வீராவுக்கு,

ஆசிகள். வைசாகிக்கு நீ வராதது குறைதான், ஆனாலும் நாற்பத்தாறு ஊர் காத்திருக்கிறது என்று மன்னிக்கிறேன். கோதுமை அறுப்பு முடிந்தது. பேஜீக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

காய்ச்சலைப் பற்றித்தான் எழுத வந்தேன். முந்தாநாள் கூடம் நிறைய ஆட்கள், அவரைப் பார்க்க தரன் தாரனிலிருந்துகூட அண்ணன் மக்கள் வந்திருந்தார்கள். பேஜீ கண்ணைத் திறந்து என்னைத் தேடித் தண்ணீர் கேட்டார். வீரா, அது நம் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை நம் கரோலி கலான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே கூடத்தில் நான் கேட்டது போலவே கேட்டார்.

அண்ணன் மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டாள். பேஜீக்குத் தான் எந்தப் பேச்சில் கேட்டோம் என்றே தெரியாது. நான் தலையைத் தூக்கிப் பிடித்து, முழுச் செம்பும் குடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தேன்.

மெஷினை எடுத்துக்கொண்டு வா. பேஜீயை மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். இவருக்கு உன் டாக்டர் என்ன நிறம் அடிக்கிறார் என்று பார்த்துவிடலாம்.

அக்கா